இலை மேல் குடும்பம் நடத்தும் கோழி

தண்ணீர் மேல நடக்கிற பறவையைப் பார்த்திருக்கீங்களா? மந்திரம் ஒன்றும் இல்லை. கூர்ந்து பார்த்தால் அதன் காலடியில் ஒரு அல்லி இலையோ தாமரை இலையோ இருக்கும். அதுதான் நீளவால் இலைக்கோழி. தாமரைக்கோழி என்றும் சொல்வார்கள். பெயரில்தான் கோழி. நம்ம வீட்டுக் கோழிக்கும் இதுக்கும் உறவு கிடையாது, உள்ளான் வகைக்குத்தான் இது சொந்தம்.

இதன் கால் விரல்களைப் பார்க்கணும். உடம்புக்குப் பொருந்தாத நீளம்! பின்விரல் நகமும் அப்படியே. சேற்றில் நடந்தால் நம் கால் புதையும், பலகை போட்டு நடந்தால் புதையாது இல்லையா? அதே கணக்குதான். எடை நாலு பக்கமும் பரவிவிடுவதால் இலை முங்குவதில்லை. ஆண் பறவை 150 கிராம்கூட இருக்காது. பெண் அதைவிடப் பெரியது, 200 கிராமைத் தாண்டும்.

மழை பெய்து குளம் நிறைந்து இலைகள் படர்ந்ததும் இது முட்டையிடத் தயாராகும். அப்போது வால் அரிவாள் மாதிரி நீண்டு வளையும், பின்கழுத்து தங்க நிறமாக மின்னும். மற்ற நாளில் பார்த்தால் அதே பறவைதானா என்று சந்தேகம் வரும்.

கூடு என்று சொல்வதே அதிகம். மிதக்கும் இலை மேல் நாலைந்து தண்டு, கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். அதில் பளபளப்பான வெண்கல நிறத்தில் பெரும்பாலும் 4 முட்டைகள். பாதி நேரம் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும்.

இனிதான் வேடிக்கை. முட்டையிட்டதும் அம்மா கிளம்பிவிடும். வேறொரு ஆணைத் தேடிப்போய் அடுத்த நாலு முட்டை இடும். சுமார் 26 நாள் அடைகாப்பதும், குஞ்சுகளை வளர்ப்பதும் அப்பா வேலை. ஆபத்து வந்தால் முட்டைகளை அலகாலும் மார்பாலும் அணைத்து இழுத்து வேறு இலைக்கு மாற்றிவிடும். எதிரி கிட்டே வந்தால் இறக்கை ஒடிந்ததுபோல நடித்து அதைத் தூரமாக இழுத்துக்கொண்டு போகும். குஞ்சுகளும் லேசுப்பட்டவை இல்லை. அப்பா குரல் கொடுத்ததும் உடம்பைத் தண்ணீருக்குள் அமுக்கி, அலகு நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும்.

இவ்வளவு கெட்டிக்கார அப்பாவாலும் ஒன்றைச் சமாளிக்க முடியாது. இலையே இல்லாமல் போவதை! மரத்தில் கட்டும் பறவைக்கு ஒரு மரம் போனால் இன்னொரு மரம். இதுக்கு இலைதான் தரை, இலைதான் கூடு. குளத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று முட்டைக் காலத்தில் எல்லா இலையையும் ஒரேயடியாக வாரிக் கரையில் போட்டால் முட்டையும் சேர்ந்தே கரைக்கு வந்துவிடும். திடீரென்று தண்ணீரை வடித்தாலும் ஆபத்துதான். நாயும் கீரியும் கூடு வரை நடந்தே போய்விடும்.

ஆகாயத்தாமரையை அள்ளாம விடலாமான்னு கேட்பீங்க. அள்ளித்தான் ஆகணும், அது குளத்தையே மூடிவிடும். ஆனால் அதன் மேலேயும் இந்தப் பறவை முட்டையிடும். அதனால் குஞ்சு வளர்ந்த பிறகு அள்ளலாம், அல்லி, தாமரை இருக்கிற ஒரு மூலையை விட்டுவிடலாம்.

இப்படி இடம் விட்டால் பலன் உண்டா? இதே பறவை தைவான் நாட்டிலும் இருக்கிறது. அங்கே குவாந்தியன் என்ற ஊரில், தண்ணீரில் மிதந்து வளரும் ஒரு கொட்டைப் பயிர் வயல்களில் கூடு வைக்கும். அதிவேக ரயில் பாதை அதன் இடத்தின் வழியே வந்தது. அதற்கு ஈடாக 2000-ஆம் ஆண்டில் தனி இடம் ஒதுக்கி, தண்ணீர் தேக்கி, இலைச் செடிகளை வளர்த்தார்கள். விவசாயிகளும் வயலில் கிடந்த முட்டைகளைக் கலைக்காமல் விட்டார்கள். ஐம்பதுக்கும் கீழே போயிருந்த எண்ணிக்கை பிறகு ஆயிரத்தைத் தாண்டியது.

நம்ம பக்கத்தில் சென்னைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இதைப் பார்க்கலாம். அந்த இடம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அல்லி படர்ந்த ஏரி எதுவானாலும் காலையில் கரையில் சத்தம் போடாமல் நின்று பாருங்க. ஒரு பறவை இறக்கையைத் தொங்கவிட்டு நொண்டினால் பாவம் என்று பின்னால் போகாதீங்க. அது அப்பா, பக்கத்திலேயே முட்டை இருக்கு. சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து வந்துடுங்க.