ஆறு வருஷம் உறங்கிய அப்பாவின் புல்லட்!

எங்கள் வீட்டுத் திண்ணையோரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஆறு வருடங்களாக நின்றிருந்தது அப்பாவின் புல்லட். 1989 மாடல், 350 சிசி, திருவொற்றியூரில் பிறந்த வண்டி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் கிக்கரை உதைக்க முடியவில்லை. "இரும்புக்கடைக்காரர் வந்து விலை கேட்டார். இடமாவது மிச்சமாகும்" என்று அம்மா சொன்ன அன்று, அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

மறுநாளே ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். பேட்டரி, பிளக் மாற்றினார். சோக் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆனது; சோக்கை எடுத்ததும் அணைந்தது. "கார்புரேட்டரே போச்சு. புதுசு போட்டுடலாம்" என்றார். அவர் கிளம்பிய பிறகு அப்பா வாய் திறந்தார்: "போகலை பாப்பா... அடைச்சிருக்கு."

பெட்ரோல் கெட்டுப்போகும் என்பதே பலருக்குத் தெரியாது. நின்றுபோன வண்டியில் அதன் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து முதலில் வார்னிஷ் மாதிரியும், பிறகு பலாப்பிசின் மாதிரியும் ஆகிவிடும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் உட்கார்ந்தோம். அப்பா நாற்காலியில், நான் தரையில், நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு கார்புரேட்டரைக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டது பிறகு ரொம்பவே உதவியது. அடிக்கிண்ணத்தைத் திறந்ததும் குப்பென்று வார்னிஷ் நெடி. உள்ளே பழுப்பு நிறப் பாகு.

உள்ளே பித்தளையில் இரண்டு ஜெட்கள். பெரியது மெயின் ஜெட், வேகமாகப் போகும்போது பெட்ரோல் தருவது. சின்னது பைலட் ஜெட், ஐடிலிங்குக்கு. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மெயின் ஜெட்டில் வெளிச்சம் தெரிந்தது. பைலட்டில் ஒரே இருட்டு. சோக்குக்குத் தனி வழி இருப்பதால்தான் சோக் போட்டபோது மட்டும் வண்டி ஓடியிருக்கிறது.

சட்டென்று ஊக்கை எடுத்தேன். "கையை எடு!" என்று அப்பா போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். பித்தளை மென்மையானது. ஊக்கால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். அப்புறம் எந்த டியூனிங்கும் பலிக்காது, வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். அதனால் ராத்திரி முழுக்க கார்ப் கிளீனரில் ஊறவைத்தோம். காலையில் பழைய ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை மெதுவாக விட்டதும், ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம்!

பாடியின் துளைகளுக்குள் ஸ்ப்ரே அடித்து, மறுபக்கம் பீறிடுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் அவ்வளவுதான். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. ரப்பர் வளையங்களை முதலில் கழற்றிவிட வேண்டும். நான் ஒன்றை மறந்தேன். அது ஊப்பிப்போய்த் திரும்ப உட்காரவே இல்லை. புதிது வாங்க டவுனுக்கு ஒரு நடை. டேங்கையும் கழுவி, ஃபில்டர் போட்டோம். இல்லாவிட்டால் துரு இறங்கி அடுத்த வாரமே அடைத்துக்கொள்ளும். ஏர் ஸ்க்ரூவை இறுக்காமல் மெதுவாக உட்காரவைத்து, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன்.

"சாவியைப் போடு. அம்மீட்டர் முள் நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கரை மெல்ல அழுத்து. டீகம்ப்ரஸரைப் பிடிச்சு கொஞ்சம் தள்ளு. விட்டுட்டு, கிக்கரை மேலே வரவிட்டு இப்ப உதை!"

ஏழாவது உதையில் பிடித்தது. சோக்கை எடுத்தேன். அணையவில்லை. தட்டில் இருந்த ஸ்பேனரெல்லாம் அதிர்ந்தன. அப்பா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "ஐடிலிங் ஜாஸ்தியா இருக்கு, குறை" என்றார்.

இரும்புக்கடைப் பேச்சை அம்மா அதன்பிறகு எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் கடைவீதி வரை போய் வருகிறேன். ஊருக்குப் போவதாக இருந்தால், பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணம் காலியாகித் தானே அணையும் வரை எஞ்ஜினை ஓடவிடுகிறோம். குழாயை மூடும் வேலை மட்டும் அப்பாவுடையது. என்னைத் தொட விடுவதில்லை.