கனடா உறைவிடப் பள்ளிகளும் தலைமுறை கடந்த காயமும்: கையளிப்பு முறிவு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கனடாவில் அரசின் நிதியிலும் கிறித்தவத் திருச்சபைகளின் நிருவாகத்திலும் இயங்கிய உறைவிடப் பள்ளிகள் தொல்குடிக் குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு இழைத்தன. அத்தீங்கு அப்பள்ளிகளைக் கண்டிராத பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எவ்வாறு சென்றடைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. காயம் நினைவின் வழியாக மட்டும் கடத்தப்படுவதில்லை. பெற்றோர் பிள்ளைகளுக்குக் கையளிக்க வேண்டிய வளர்ப்புமுறை, மொழி, பேச்சு ஆகியவை முறிந்ததன் வழியாகவே பெரிதும் கடத்தப்படுகிறது என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: உறைவிடப் பள்ளி, திருச்சபை, தொல்குடிகள், தலைமுறை கடந்த காயம், மொழி இழப்பு, இழப்பீடு.

முன்னுரை

ஒருவருக்கு நேர்ந்த வன்கொடுமையை அவருடைய வாழ்நாளோடு முடியும் ஒன்றாகக் கருதுவது சட்டத்தின் இயல்பு. குற்றம் இழைத்தவர், பாதிக்கப்பட்டவர், நிகழ்ந்த நாள் ஆகிய மூன்றையும் கொண்டே அது தீங்கை அளக்கிறது. ஆனால் ஒரு நிறுவனம் பல தலைமுறைகளாக ஒரே குடும்பங்களின் குழந்தைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்போது இவ்வளவுகோல் போதாமற் போகிறது. கனடாவின் உறைவிடப் பள்ளிகள் இதற்குத் தெளிவான சான்றாகும்.

பள்ளி அமைப்பும் அதன் நோக்கமும்

1879-இல் நிக்கோலஸ் ஃபிளட் டேவின் கனடா அரசுக்கு அளித்த அறிக்கை, திருச்சபைகளின் துணையோடு தொழிற்பயிற்சி உறைவிடப் பள்ளிகளை நிறுவப் பரிந்துரைத்தது. பகற்பள்ளியில் கற்பிப்பதை வீட்டின் செல்வாக்கு அழித்துவிடுகிறது என்பது அதன் வாதம். ஆகவே குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதே அப்பள்ளிகளின் அடிப்படையாக அமைந்தது. பிரிவு கல்வியின் பக்கவிளைவன்று. 1920-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது.

கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த துறவற சபைகள் பெரும்பான்மையான பள்ளிகளை நடத்தின. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், ஐக்கியத் திருச்சபைகள் ஏனையவற்றை நடத்தின. முதற்குடிகள், இனுயிட், மெட்டிஸ் ஆகிய மூவகை மக்களின் குழந்தைகள் 1,50,000-க்கும் மேற்பட்டோர் இவற்றில் சேர்க்கப்பட்டனர் என உண்மை, நல்லிணக்க ஆணையம் கணித்தது. பள்ளிக்கு வந்த குழந்தையின் தலைமுடி வெட்டப்பட்டது. வீட்டு உடை அகற்றப்பட்டது. பல பள்ளிகளில் பெயருக்கு மாற்றாக எண் வழங்கப்பட்டது. ஒரே வளாகத்தில் இருந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவும் தடை இருந்தது. தாய்மொழி பேசியவர் தண்டிக்கப்பட்டனர். உடல்சார்ந்த கொடுமையும் பாலியல் வன்கொடுமையும் பரவலாக நிகழ்ந்தன.

நோயும் உயிர்களைக் கொண்டது. அரசு மருத்துவ அலுவலரான பீட்டர் பிரைஸ் 1907-இலேயே மேற்குப் பகுதிப் பள்ளிகளில் காசநோயால் நேர்ந்த மரணங்களை அறிக்கையாக வெளியிட்டார். அவருடைய பரிந்துரைகள் புறக்கணிக்கப்பட்டன. ஆணையத்தின் 2015-ஆம் ஆண்டு இறுதி அறிக்கை ஏறத்தாழ 3,200 மரணங்களைப் பதிவு செய்தது. அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் இறந்த குழந்தையின் பெயர்கூடக் குறிக்கப்பட்டிருக்கவில்லை. அன்பான ஆசிரியர்களை நினைவுகூர்ந்த முன்னாள் மாணவர்களும் உண்டு. அச்சான்றுகளையும் ஆணையம் பதிவு செய்துள்ளது. எனினும் தனிமனிதர் சிலரின் நற்குணம் பிரிவையே அடித்தளமாகக் கொண்ட ஓர் அமைப்பின் தீங்கை மாற்றவில்லை.

காயம் கடத்தப்படும் மூன்று வழிகள்

முதலாவது வழி, குழந்தை வளர்ப்பு. ஐந்து, ஆறு வயதில் வீட்டை விட்டுச் சென்றவர், பதினைந்து வயதில் திரும்பும்போது தாய் குழந்தையை எவ்வாறு தேற்றுவாள், தந்தை எவ்வாறு கண்டிப்பார் என்பதை அறியாதவராகவே திரும்பினார். அவர் அறிந்தது மணியோசை, வரிசை, பிரம்பு ஆகியவற்றையே. பின்னர்த் தாமே பெற்றோரானபோது அரவணைக்கத் தெரியாமல் போயிற்று என்று பலர் ஆணையத்தின்முன் சான்றுரைத்தனர். ஏமி பாம்பே, கிம் மேதிசன், ஹைமி அனிஸ்மன் ஆகியோரின் ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. உறைவிடப் பள்ளியில் பயின்ற பெற்றோரின் பிள்ளைகளிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் மிகுதியாகக் காணப்பட்டன. ஒரு குடும்பத்தில் எத்தனை தலைமுறையினர் அப்பள்ளிகளில் பயின்றனரோ அதற்கேற்பத் துயரமும் கூடியது.

இரண்டாவது வழி, மொழி. தம் மொழி பேசியதற்காக அடிபட்டவர்கள், தம் பிள்ளைகளும் அடிபடலாகாது என்றெண்ணி வீட்டில் ஆங்கிலமே பேசினர். அன்பினால் எடுக்கப்பட்ட அம்முடிவு நிறுவனத்தின் நோக்கத்தை நிறைவேற்றியது. அதனால் பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே பொதுமொழி இல்லாது போயிற்று. கதையும் பாடலும் உறவுப்பெயர்களும் சடங்குகளும் அடுத்த தலைமுறையை அடையவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹாலெட், சாண்ட்லர், லலாண்ட் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. உறுப்பினருள் பாதிப்பேருக்கு மேல் தாய்மொழியில் உரையாட வல்லவராயிருந்த சமூகங்களில் இளையோர் தற்கொலை மிக அரிதாகவே இருந்தது. மொழி மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்ள இயலாது. ஆயினும் மொழியைக் காத்த சமூகம் தன் இளையோரையும் காத்துள்ளது என்பது தெளிவு.

மூன்றாவது வழி, மௌனம். பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பல பத்தாண்டுகள் அதனைப் பேசவில்லை. 1990-இல் மனிடோபா தலைவர்கள் அவையின் தலைவர் ஃபில் ஃபொன்டேன் தமக்கு நேர்ந்ததைப் பொதுவெளியில் கூறியபோதே நாடளாவிய பேச்சு தொடங்கியது. அதுவரை, தந்தையின் குடியையும் சினத்தையும் கண்ட பிள்ளைகள் அவற்றின் காரணத்தை அறியவில்லை. காரணம் அறியாத துன்பத்தைக் குழந்தை தன் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும். மறைக்கப்பட்ட வரலாறு இவ்வாறு குடும்பத்தின் இழிவாக உருமாறுகிறது.

இம்மூன்றும் சேரும்போது தீங்கு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. குலைந்த குடும்பங்களிலிருந்து குழந்தைகள் நலத்துறையால் மீண்டும் பிரிக்கப்படுகின்றனர். 2016-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுள் தொல்குடியினர் 7.7 விழுக்காட்டினர், வளர்ப்பு இல்லங்களில் உள்ள அவ்வயதுக் குழந்தைகளுள் அவர்கள் 52.2 விழுக்காட்டினர்.

மன்னிப்பும் இழப்பீடும்

ஐக்கியத் திருச்சபை 1986-இலும் 1998-இலும், ஆங்கிலிக்கன் திருச்சபை 1993-இலும், பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 1994-இலும் மன்னிப்புக் கோரின. பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் 2008 ஜூன் 11 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். போப் பிரான்சிஸ் 2022 ஜூலையில் மஸ்குவாசிஸ் என்னுமிடத்தில் கிறித்தவர் பலர் இழைத்த தீமைக்காக மன்னிப்பு வேண்டினார். ஆணையத்தின் தலைவராயிருந்த மறி சிங்க்ளேர் அதனை வரவேற்றாலும், பொறுப்பைத் தனிமனிதர்மீது சுமத்தித் திருச்சபையின் பங்கை அது விட்டுவிட்டது எனச் சுட்டினார். இக்குறை இக்கட்டுரையின் கருத்தோடு நேரடித் தொடர்புடையது. தனிமனிதரின் பாவம் அவரோடு முடியும். நிறுவனம் முறித்த கையளிப்பு அவ்வாறு முடிவதில்லை.

இழப்பீட்டிலும் இதே சிக்கலைக் காணலாம். 2006-ஆம் ஆண்டின் தீர்வு ஒப்பந்தம் பள்ளியில் தங்கிப் பயின்ற முதலாண்டுக்கு 10,000 டாலரும் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு 3,000 டாலரும் வழங்கியது. பகலில் மட்டும் பயின்றவர்களும் அடுத்த தலைமுறையினரும் அதில் இடம்பெறவில்லை. அவர்கள் தொடுத்த வழக்கின் பயனாக 2021-இல் பகல்மாணாக்கருக்குத் தலா 10,000 டாலரும், வழித்தோன்றல்களையும் உள்ளடக்கிய மொழி, பண்பாட்டு மீட்புக்கென 5 கோடி டாலர் நிதியும் கிடைத்தன. 2023-இல் 325 முதற்குடிச் சமூகங்களுக்கு 280 கோடி டாலர் அறநிதி ஒன்று நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. மொழியின் இழப்பைச் சமூகம் முழுவதன் இழப்பாக ஏற்று, ஈட்டைத் தனிமனிதருக்கன்றிச் சமூகத்திற்கு வழங்கிய இவ்வேற்பாடு ஒரு திருப்புமுனையாகும்.

முடிவுரை

நிறுவனத் தீங்கைப் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் இயலாது என்பதைக் கனடாவின் சான்று காட்டுகிறது. எது அடுத்த தலைமுறையைச் சென்றடையாமற் போயிற்று என்பதும் தீங்கின் அளவாகும். ஆகவே மன்னிப்பும் பணமும் தேவையானவையே எனினும் போதுமானவை அல்ல. தாலாட்டும் உறவுப்பெயரும் அரவணைப்பும் மீண்டும் பிள்ளைகளைச் சென்றடையும்போதே காயம் ஆறத் தொடங்கும். மொழியாய்வு இங்கு வெறும் ஆவணப்படுத்தலாக நில்லாமல், முறிந்த கையளிப்பை மீட்கும் பணியின் ஒரு பகுதியாகிறது.