சாக வேண்டிய செல் சாகாதபோது

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத திருப்பூரில் ஒரு குழந்தைக்கு ரிக்கெட்ஸ் வருமா? கால் வளைந்த பிள்ளையோடு மருத்துவரிடம் போகும் பெற்றோர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது. ‘கால்சியம் குறைவு, டானிக் கொடுங்கள், வைட்டமின் டி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அக்கம்பக்கத்தில் உடனே பதிலும் கிடைத்துவிடும். பெரும்பாலான நேரம் அந்தப் பதில் பலித்தும் விடுகிறது. அதனாலேயே அது பலிக்காத பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறார்கள். எலும்பில் சுண்ணாம்பு குறைந்தால் வளையும், சேர்த்தால் நிமிரும் என்ற கணக்கில் எலும்பு நீளும் இடத்துக்கு வேலையே இல்லை. அந்த இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் கோளாறு வேறாகத் தெரிகிறது. ரிக்கெட்ஸ் வந்த பிள்ளையின் முழங்காலில் சாக வேண்டிய செல்கள் சாகாமல் குவிந்து நிற்கின்றன.

தொடை எலும்பின் கீழ் முனையில், சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள குருத்தெலும்புப் படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் வளர்தட்டு. வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் உயரம் அங்கிருந்து வருகிறது. அதற்கு நேர் கீழே, கால் எலும்பின் மேல் முனையில் உள்ள தட்டு இன்னொரு 6 மில்லிமீட்டர் தருகிறது. திருப்பூரில் இதை விளக்க நிட்டிங் மெஷினைக் காட்டினால் போதும். ஊசிகள் நிற்கும் வளையத்தில்தான் துணி பிறக்கிறது. கீழே இறங்கிச் சுருளும் துணி தானாக ஓர் அங்குலம்கூட நீளாது. எலும்பின் நடுப்பகுதியும் அந்தத் துணியைப் போலத்தான். ஓர் ஊசி கெட்டால் துணியின் நீளவாக்கில் கோடு ஓடும்; அதுதான் நீடில் லைன். மெஷின் நின்று மறுபடி ஓடினால் குறுக்கே கோடு விழும். செக்கிங் செய்பவர் கோடு போகும் திசையைப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார். எக்ஸ்ரேயிலும் இதைக் காணலாம். கடும் நோயிலோ பட்டினியிலோ வளர்ச்சி நின்று மீண்ட பிள்ளையின் எலும்பில் குறுக்குக் கோடுகள் தங்கிவிடுவதுண்டு. அவற்றுக்கு ஹாரிஸ் கோடுகள் என்று பெயர். ஆலியர் நோயில் சில செல்களில் மட்டும் மரபுப் பிழை இருக்கும். அவற்றிலிருந்து எலும்பாகாத குருத்தெலும்பு நீளவாக்கில் பட்டை பட்டையாக இறங்கியிருக்கும், அசல் நீடில் லைன் போலவே. ஃபினிஷிங்கில் எவ்வளவு அழுத்தினாலும் நீடில் லைன் போகாது. எலும்பாகி முடிந்த பகுதியை எந்த டானிக்கும் நீட்டாது. ஆனால் ஒன்று: மெஷினில் ஊசி வேறு, நூல் வேறு, கண்ணி வேறு. வளர்தட்டில் மூன்றும் ஒரே செல்.

அந்தச் செல்லின் வாழ்க்கையைப் பார்க்கப் பார்க்க வியப்புதான். மேலே ஓய்வில் இருக்கும் செல்களிலிருந்து ஒன்று விழித்துப் பிரிகிறது. பிரிந்தவை தட்டையாகி, நாணயங்களை அடுக்கியதுபோல் நெடுவரிசையாக நிற்கின்றன. வரிசையின் கீழ்ப்பகுதிக்கு வந்ததும் பிரிவது நின்று, வீங்கத் தொடங்குகின்றன. கன அளவு பத்து மடங்கும் அதற்கு மேலும் போகிறது. பிள்ளை உயரமாவது செல்கள் பெருகுவதால் என்றுதான் நாம் நினைப்போம். உயரத்தில் பெரும்பங்கு இந்த வீக்கத்திலிருந்தே வருகிறது. கிம்பர்லி கூப்பரும் சக ஆய்வாளர்களும் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் இதை அளந்து காட்டினார்கள். வீக்கத்தின் ஒரு கட்டத்தில் செல் புதுச் சரக்கு எதையும் சேர்ப்பதில்லை, தண்ணீரை உறிஞ்சியே உப்புகிறது. ஒரே உடலில் ஓர் எலும்பு வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் வளர்வதற்கு, செல் எவ்வளவு வீங்குகிறது என்பது முக்கியமான காரணம். முழுதாக வீங்கிய செல் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு படிய வைக்கிறது, ரத்தக் குழாய்களை அழைக்கிறது, பிறகு சாகிறது. அது காலி செய்த இடத்தில் எலும்பு கட்டும் செல்கள் குடியேறுகின்றன. எல்லாச் செல்லும் சாவதில்லை, சில உருமாறி எலும்புச் செல்லாகவே தொடர்கின்றன என்று 2014-இல் எலிகளில் கண்டார்கள். அதனால் அடிப்படை மாறிவிடவில்லை. உருமாறியோ செத்தோ, வீங்கிய செல் இடத்தைக் காலி செய்தாக வேண்டும்.

எலும்பு நீளும் இடத்தைக் கண்டறிந்த வரலாற்றை ஒரே வாக்கியத்தில் முடிக்கலாம்: ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் கோழிக்குஞ்சின் கால் எலும்பில் இரண்டு துளை போட்டுவைத்து, எலும்பு நீண்ட பிறகும் துளைகளுக்கு இடையிலான தூரம் மாறவில்லை, ஆகவே வளர்ச்சி முனைகளில்தான் என்று 1727-இலேயே எழுதிவிட்டார்.

செல்லுக்குச் சாகும் கட்டளையைத் தருவது எது? கால்சியம் அல்ல, பாஸ்பேட். பாஸ்டனில் மேரி டிமே குழுவினர் எலிகளில் செய்த ஆய்வுகள் இதைப் படிப்படியாகக் காட்டுகின்றன. வைட்டமின் டி வேலை செய்யவே வழியில்லாதபடி அதன் ஏற்பியை நீக்கிய எலிகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. அதே எலிகளுக்குக் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்த சிறப்பு உணவைக் கொடுத்து ரத்தத்தில் இரண்டையும் சரியாக வைத்தபோது, வளர்தட்டு இயல்பாக இருந்தது. ஆகவே வைட்டமின் டி வளர்தட்டுக்கு நேரடியாக வேண்டியதில்லை; தாது உப்புகளைக் குடலில் உறிஞ்ச வைப்பதற்கே அது வேண்டும். அடுத்து, ரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்து பாஸ்பேட் மட்டும் குறைந்த எலிகளைப் பார்த்தார்கள். அவற்றிலும் ரிக்கெட்ஸ், வீங்கிய செல்கள் சாகாமல் நின்றன. 2005-இல் வெளியான இந்த முடிவோடு பழைய செய்தி ஒன்றைச் சேர்த்தால் படம் முழுமையாகிறது. கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி முடுக்கிவிடப்படுகிறது. அது சுரக்கும் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும்போதே சிறுநீரகம் வழியே பாஸ்பேட்டை வெளியேற்றுகிறது. கால்சியம் குறைவால் வரும் ரிக்கெட்ஸும் கடைசியில் பாஸ்பேட் குறைவாகவே வளர்தட்டை வந்தடைகிறது.

இப்போது வெயில் கேள்விக்கு வருவோம். நைஜீரியாவிலும் வெயில் கொளுத்துகிறது; ரிக்கெட்ஸும் உண்டு. அங்கே டாம் தாச்சர் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ரிக்கெட்ஸ் வந்த பிள்ளைகளின் உணவில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் அளவில்தான் கால்சியம் இருந்தது. வைட்டமின் டி மட்டும் கொடுத்ததைவிடக் கால்சியம் கொடுத்தது நன்றாகப் பலித்தது. கொங்கு நாட்டில் களிக்கும் கூழுக்கும் இருந்த ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவில்தான். ராகியில் உள்ள பைட்டேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற ஆட்சேபம் சரியே. பிடித்தது போக மிஞ்சுவதும் அரிசியில் இருப்பதைவிட அதிகம். பாலும் ராகியும் குறைந்து, அரிசியும் பிஸ்கட்டும் மட்டுமாகப் போன தட்டு, எந்த ஊர் வெயிலிலும் ரிக்கெட்ஸுக்கு இடம் கொடுக்கும். லைன் வீட்டுக்குள்ளேயே பகலெல்லாம் அடைந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வெயிலும் இல்லை.

ஊர்த் தண்ணீர் மீது பழி போடுவது இன்னொரு எளிய பதில். சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு உண்மை. அதற்காக வளைந்த கால் ஒவ்வொன்றையும் அந்தக் கணக்கில் எழுதக் கூடாது. கர்நாடகத்தின் சாகர் வட்டத்தில் ஹந்திகோடு என்ற ஊரில் 1970-களின் நடுவில் பலருக்கு இடுப்பும் முழங்காலும் முடங்கின. பூச்சிமருந்து தெளித்த வயல் நண்டைத் தின்றதால் என்று பேசப்பட்டது. பின்னர் குடும்ப வரலாறுகளையும் எக்ஸ்ரேக்களையும் ஆராய்ந்தபோது, முதுகெலும்பையும் எலும்பு முனைகளையும் தாக்கும் பரம்பரைக் கோளாறு என்று தெரிந்தது. எதிர்மாறாக, புளோரைடால் எலும்பு கெடும் விஷயத்தில் தண்ணீரே குற்றவாளி. கிண்டி கிங் நிறுவனத்தின் ஷார்ட் 1937-இலேயே சென்னை மாகாணத்தில் அதைப் பதிவு செய்தார். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் குடிநீர் கொண்டுவரப்பட்டதும் அதனால்தான். வெளியே தெரியும் வளைவு பரம்பரைக் கோளாறிலும் புளோரைடு பாதிப்பிலும் ஒன்றுபோல் இருக்கலாம்.

டானிக் பலிக்காத பிள்ளைகள் சிலரிடமும் பாஸ்பேட் குறைவின் கதைதான். பெக்ஸ் என்ற மரபணு பழுதானால் எலும்பே எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து, சிறுநீரில் பாஸ்பேட்டைக் கொட்ட வைக்கிறது. சுமார் 20,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. கால்சியத்தையும் சாதாரண வைட்டமின் டி-யையும் எவ்வளவு கொடுத்தாலும் கால் நிமிராது. பாஸ்பேட் உப்பும் கால்சிட்ரியாலும் வேண்டும், அல்லது அந்த ஹார்மோனைத் தடுக்கும் புரோசுமாப் ஊசி. அகோண்ட்ரோபிளேசியாவில் இன்னும் வேறு இடத்தில் கோளாறு: எஃப்.ஜி.எஃப்.ஆர்-3 மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் வளர்தட்டின் பிரேக் விடாமல் அழுந்தியே இருக்கிறது, நெடுவரிசை குட்டையாகிறது. அந்த பிரேக்கைத் தளர்த்தும் வோசோரிடைட் ஊசிக்கு 2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தபோது, குள்ளத்தன்மைக்குத் தீர்வு என்ற தொனியில் செய்திகள் வந்தன. 121 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், தினமும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்கு 1.57 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள். இயங்குமுறையைப் புரிந்துகொண்டு செய்த மருந்துக்குக் கிடைத்த நேர்மையான வெற்றி அது. செய்தித் தலைப்பு சொன்ன அளவுக்கு இல்லை. இவ்வளவு துல்லியமான மருந்துக்கே ஒன்றரைச் சென்டிமீட்டர் என்றால், உயரம் கூட்டும் பவுடர் டப்பாக்களின் வாக்குறுதியை எந்த இடத்தில் வைப்பது? வளர்தட்டு மூடிய பதினேழு, பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த பவுடர் வேலை செய்ய இடமே கிடையாது.

‘டானிக்கோ ஊசியோ கொடுத்துப் பார்த்தால் என்ன கெட்டுவிடும்?’ என்பார்கள். லட்சக்கணக்கான யூனிட் வைட்டமின் டி ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தில் படியும். அதைவிடப் பெரிய இழப்பு காலம். வளர்தட்டு திறந்திருக்கும் ஆண்டுகள் திரும்பி வராது. இரண்டு வயதுவரை கால் சற்று வளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முட்டிகள் உள்ளே சாய்வதும் இயல்பு. பெரும்பாலும் ஏழு வயதுக்குள் தானாக நேராகும். அதற்குப் பிறகும் நீடித்தால், ஒரு பக்கம் மட்டும் வளைந்தால், வளைவு கூடிக்கொண்டே போனால், மணிக்கட்டு தடித்தால், முழங்கால் எக்ஸ்ரேயும் கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்படேஸ் பரிசோதனைகளும் வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பல தாள்களில் அச்சாகியிருக்கும் பாஸ்பேட் அளவு, 2.5 முதல் 4.5 வரை, பெரியவர்களுக்கானது. வளர்தட்டுக்குத் தீனி வேண்டிய சிறு பிள்ளைக்கு இயல்பான அளவு அதைவிட அதிகம். மூன்று வயதுக் குழந்தைக்கு 2.8 என்று வந்தால் தாள் அதை இயல்பு என்றே காட்டும்; ஆனால் அது குறைவு.