அடியில்லாத பெட்டி

கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மூன்று பொருள்கள் நினைவுக்கு வரும். முதலாவது கடலை மிட்டாய். 2020-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு என்னும் கௌரவமும் கிடைத்துவிட்டது. இரண்டாவது தீப்பெட்டி. மூன்றாவது ஹாக்கி மட்டை. மழையையே நம்பி வாழும் சீமையில், கோடையில் வெடித்துப் பிளந்து கிடக்கும் கரிசல் மண்ணில், இந்த மட்டை விளையாட்டு எப்படி வேர் பிடித்தது என்பது ஆச்சரியந்தான். ஆனால் வேர் பிடித்து, கிளைத்து, காய்த்தும்விட்டது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் ஜகார்த்தா நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன், கார்த்தி என்னும் இரண்டு இளைஞர்களும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்று தேர்ந்தவர்களே. பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் கார்த்தி.

நல்ல ஆட்டக்காரர்களை உண்டாக்கும் ஊர்கள் பல உண்டு. ஆட்டம் பார்க்கத் தெரிந்தவர்களை உண்டாக்கும் ஊர்கள் சிலவே. கோவில்பட்டி அந்தச் சிலவற்றில் ஒன்று. அங்கே தகப்பனார் ஆடியிருப்பார், பிள்ளை ஆடிக்கொண்டிருப்பான், பாட்டனார் எல்லைக் கோட்டருகே நின்று இருவருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். யோசனையை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு நாள் மாலை நாம் பார்த்தது ஹாக்கி ஆட்டம் அன்று. இரண்டு பெண்கள் கலாசாலைகளுக்கு இடையே நடந்த கூடைப் பந்து ஆட்டம். கலாசாலைகளின் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. ஒரே புள்ளியில் தோற்றவர்களின் பெயரை அச்சில் ஏற்றுவது தர்மம் ஆகாது.

ஆட்டம் தொடங்கியபோது பார்க்க வந்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணியிருக்கலாம். சில தோழிப் பெண்கள், மகளை அழைத்துப் போக மோட்டார் சைக்கிளில் வந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு தகப்பனார்கள், சுண்டல் விற்பவர், நம் அருகில் ஒரு பழைய ஹாக்கி வீரர், அவருக்கு அப்பால், பக்கத்துக் கிராமத்திலிருந்து பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்கவென்று பஸ் ஏறி வந்திருந்த ஒரு மூதாட்டி. அந்த அம்மாள் வெகு நேரம் கம்பத்தின் உச்சியிலிருந்த வளையத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்:

"ஏன் தம்பி, அடியில்லாத பெட்டியில போட்டா எப்படித் தங்கும்?"

"தங்க வேண்டாம் ஆச்சி, விழுந்தாப் போதும்" என்றார் ஹாக்கி வீரர்.

ஆச்சிக்கு அது திருப்தியளிக்கவில்லை. பருத்தியானாலும் பயறானாலும் பெட்டியில் போட்டது பெட்டியில் இருக்க வேண்டும் என்பதுதான் கரிசல் காட்டு நியாயம். விசாரித்துப் பார்த்தால் ஆச்சியின் கேள்வியில் சரித்திரமே அடங்கியிருக்கிறது. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தபோது மாடத்தின் விளிம்பில் ஆணி அடித்து மாட்டியவை அடியுள்ள பழக் கூடைகளே. பந்து உள்ளே விழுந்தால் அங்கேயே தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஏணி வைத்து ஏறித்தான் எடுத்து வர வேண்டும்! கூடையின் அடியை அறுத்த பிறகுதான் ஆட்டம் ஓட்டம் பிடித்தது. ஆனால் அன்று மாடத்தின் உயரம் பத்து அடியாக இருந்ததால் இன்றைக்கும் உலகம் முழுவதும் வளையத்தின் உயரம் பத்து அடிதான்.

நேயர்களில் கூடைப் பந்து பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பக்கத்துக்கு ஐந்து பேர். பத்துப் பத்து நிமிஷமாக நான்கு பகுதிகள். பந்தைப் பெற்ற அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும். பந்து விழுந்தால் இரண்டு புள்ளி; தூரத்து வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் மூன்று; எதிரி செய்த தவறுக்காகக் கிடைக்கும் தனி எறிதலுக்கு ஒன்று. ஆகையால் கடைசி ஒரு நிமிஷத்தில் ஜயமும் தோல்வியும் மூன்று தடவை இடம் மாறிக்கொள்ளலாம். கிரிக்கெட் பார்ப்பவர்கள் நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். கூடைப் பந்து பார்ப்பவர்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கக்கூடக் குனியக் கூடாது.

அன்று மூன்றாவது பகுதி முடியும்போது ஆச்சியின் பேத்தி ஆடிய அணி பத்துப் புள்ளிகள் முன்னால் இருந்தது. பிறகு எதிர் அணிப் பெண்கள் என்ன மந்திரம் போட்டார்களோ தெரியவில்லை. பத்து ஆறாயிற்று, ஆறு மூன்றாயிற்று. சாலையில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். ஹாக்கி மட்டையும் கையுமாக வந்த பையன்கள் சுற்றுச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். தகப்பனார்கள் இப்போது கைக்கடிகாரத்தை மறந்து ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சுண்டல்காரர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். வாங்குவதற்கும் ஆள் இல்லை, கொடுப்பதற்கும் ஆள் இல்லை.

இருபது விநாடி பாக்கி இருக்கும்போது நம் ஆச்சியின் கட்சி ஒரு புள்ளி பின்தங்கிவிட்டது. அப்போது அந்த ஒல்லியான பேத்தி, இரண்டு நெட்டைப் பெண்களுக்கு நடுவே புகுந்து எறியப் போய்க் கீழே விழுந்தாள். விசில் ஊதிற்று. அவளுக்கு இரண்டு தனி எறிதல்கள்.

முதல் பந்து நேராக விழுந்தது. சமம். இரண்டாவது பந்து வளையத்தின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, போகலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் உள்ளே இறங்கிற்று. எதிர் அணியினர் பந்தை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நெடுந்தூரத்திலிருந்து ஒருத்தி எறிந்தாள். பந்து இரும்பில் மோதித் தெறித்தது. ஆட்டம் முடிந்தது.

பிறகு எழுந்த ஆரவாரத்தை எப்படி வர்ணிப்பது? நூறு பேருக்கு மேல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் வெடிச் சத்தம் போல் இருந்தது. தோழிகள் தளத்துக்குள் பாய்ந்தார்கள். பையன்கள் சுவரை மட்டையால் தட்டினார்கள். ஒருவரை ஒருவர் அறியாத தகப்பனார்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள்களின் ஊதுகுழல்கள் முழங்கின. தோற்ற பெண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைக் கண்ட ஹாக்கி வீரர் எழுந்து நின்று அவர்கள் பக்கம் திரும்பிக் கை தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். இரண்டு அணிக்கும் பொதுவாகக் கடலை மிட்டாய்ப் பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. யார் வாங்கி அனுப்பினார்கள் என்பது நமக்குத் தெரியாது.

அத்துடன் ஒரு சச்சரவும் கிளம்பாமல் இல்லை. கடைசி விசில் நியாயமா, இல்லையா? பேத்தி தானாக விழுந்தாளா, தள்ளப்பட்டாளா? அரை மணி நேரம் இது நடந்தது. நமக்கு இதனால் பரம திருப்தி. பெண்கள் ஆட்டத்தைப் "பாவம், நன்றாகத்தான் ஆடுகிறார்கள்" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போவதைக் காட்டிலும், அதற்காகச் சண்டை போடுவது எவ்வளவோ மேலான மரியாதை அல்லவா?

இந்த மரியாதை சுலபத்தில் கிடைத்ததன்று. விளையாட்டுத் தோன்றிய சில மாதங்களுக்குள் பெண்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஸ்மித் கலாசாலையில் ஸெண்டா பெரன்ஸன் என்ற ஆசிரியை 1893 மார்ச்சு மாதம் தம் மாணவிகளை இரண்டு வகுப்பாகப் பிரித்து ஆட வைத்தார். ஆண்கள் பார்க்க அனுமதி இல்லை. அதிகமாக ஓடினால் பெண்களின் தேகத்துக்கு ஆகாது என்று அக்காலத்தார் அஞ்சியபடியால், தளத்தை மூன்றாகப் பிரித்து அவரவர் கட்டத்துக்குள்ளேயே ஆட வேண்டும் என்று விதி செய்தார்கள். 1896 ஏப்ரல் 4-ஆம் தேதி, ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் ஸ்டான்போர்டு, கலிபோர்னியா சர்வகலாசாலைகளின் பெண்கள் மோதினார்கள். ஸ்டான்போர்டு ஜயித்தது. புள்ளி எவ்வளவு தெரியுமா? இரண்டுக்கு ஒன்று! அங்கேயும் ஒரே புள்ளிதான் வித்தியாசம். எழுநூறு பேர் வரையில் கூடி ஆர்ப்பரித்தார்கள். அத்தனை பேரும் பெண்கள். ஆண்களுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. மூன்று வருஷங்கள் சென்றன. 1899-இல் ஸ்டான்போர்டு அதிகாரிகள், பெண்கள் வெளிக் கலாசாலைகளுடன் போட்டியிடுவதையே தடை செய்துவிட்டார்கள். கதவை அடைத்து ஆடிய ஆட்டத்தை நிறுத்துவதும் எளிதாயிற்று.

அதே அமெரிக்காவின் இன்றைய நிலையைப் பாருங்கள். 2023 அக்டோபரில் அயோவா சர்வகலாசாலைப் பெண்களின் ஆட்டம் ஒன்றைக் கால்பந்து அரங்கத்திலே நடத்தினார்கள். வந்தவர்கள் 55,646 பேர். 2024 ஏப்ரல் 5-ஆம் தேதி கிளீவ்லண்டு நகரில் நடந்த அரை இறுதி ஆட்டத்தில் அயோவாப் பெண்கள் 71-க்கு 69 என்று கனெக்டிகட் பெண்களை வென்றார்கள். நாலு விநாடி கூடப் பாக்கி இல்லாதபோது நடுவர் கனெக்டிகட் அணியின்மேல் ஒரு தவறு விதித்தார். அவ்வளவுதான்! தேசம் முழுவதும் அந்த விசிலைப் பற்றியே பேச்சு. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம் அது. அவ்வருஷத்து இறுதி ஆட்டத்தை ஆடவர் இறுதி ஆட்டத்தைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். கோவில்பட்டிச் சச்சரவும் கிளீவ்லண்டுச் சச்சரவும் ஒரே ஜாதி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

நம் நாட்டுக்கும் இத்தகைய நாள் ஒன்று வாய்த்தது. 2017 ஜூலை 29-ஆம் தேதி பெங்களூரில், ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தான் அணியை 75-க்கு 73 என்று வென்று முதற் பிரிவுக்கு உயர்ந்தார்கள். இரண்டே புள்ளி! அன்று எத்தனை வீடுகளில் அது பேச்சாயிற்று? சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடினார்; அணியின் தலைவியாகவும் விளங்கினார்; தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண்மணி அவர். 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். கிரிக்கெட் வீரர்களின் பிறந்த தேதி வரையில் ஒப்பிக்கும் நம் வீட்டுக் குழந்தைகளில் எத்தனை பேர் இவருடைய பெயரை அறிவார்கள்? கதவு திறந்துதான் இருக்கிறது. நாம்தான் உள்ளே போவதில்லை.

கரிசல் சீமைக்கு இதில் தனியாக ஒரு கணக்கு உண்டு. எட்டயபுரம் கோவில்பட்டிக்கு அருகில்தான் இருக்கிறது. ஆணும் பெண்ணும் சமம் என்று முழங்கிய பாரதியார் 1882-இல் பிறந்த மண் அது. ஆயினும் வானம் பொய்த்த வருஷங்களில் அந்த மண்ணின் சிறுமிகளுக்கு வாய்த்தது பள்ளிக்கூடமும் அன்று, மைதானமும் அன்று. விடியுமுன்பே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய், குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டி, பொழுது சாய்ந்து திரும்புவார்கள். 1986-ஆம் வருஷத்துச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்று விலக்கியது. சட்டமும், மதிய உணவும், பள்ளிக்கூடமும், பெற்றோரின் பிடிவாதமும் சேர்ந்துதான் அந்தப் பிஞ்சுக் கைகளைப் பசை வாளியிலிருந்து மெள்ள மெள்ள விடுவித்தன.

ஜனங்கள் கலையத் தொடங்கியபோது ஆச்சியிடம் பேச்சுக் கொடுத்தோம். பேத்தியின் வயதில் தாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டோம்.

"தீப்பெட்டி ஒட்டினேன். குரோசுக்கு இவ்வளவுன்னு கூலி. எங்களுக்குக் கைதான் ஓடிச்சு ஐயா, கால் ஓடல."

இதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தமும் இல்லை, புகாரும் இல்லை. தளத்தின் நடுவே தோழிகள் தோள்மேல் ஏற்றிக்கொண்டிருந்த பேத்தியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெற்றி எவ்வளவு நெருக்கமானது என்பது பலகையில் உள்ள எண்ணில் மட்டும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவர்கள் இருந்தால்தான் ஒரு புள்ளி ஒரு புள்ளியாகும். யாரும் பார்க்காவிட்டால் அது சுண்ணாம்புக் கட்டியால் எழுதி அழிக்கும் கணக்கு. கதிர் களத்துக்கு வந்து சேரும் வரையில் விளைச்சல் நமதல்ல என்று அறிந்த கரிசல் குடியானவர்களுக்குக் கடைசி நிமிஷம் வரையில் காத்திருப்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஹாக்கிக்கு அவர்கள் வளர்த்த அந்தக் கண் பெண்கள் ஆட்டத்தின் பக்கமும் திரும்புவதை அன்று நாம் நேரில் கண்டோம்.

நேயர்களுக்கு நம் விண்ணப்பம் இதுதான். உங்கள் ஊரிலும் ஒரு பெண்கள் கலாசாலை இருக்கும். அதில் ஒரு கூடைப் பந்துத் தளமும் இருக்கும். ஒரு மாலை குடும்பத்தோடு போய் உட்காருங்கள். விதிகள் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். விசில் பிடிக்காவிட்டால் தாராளமாகச் சண்டை போடுங்கள். தோற்றவர்களுக்கும் கை தட்டுங்கள்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஹாக்கி வீரர் ஆச்சியைக் கைப்பிடித்து எழுப்பிவிட்டார்.

"பாத்தீங்களா ஆச்சி, அடியில்லாத பெட்டிதான். ஆனா ஒரு புள்ளியில செயிச்சாச்சு."

"ஒண்ணுன்னாலும் ஒண்ணுதானே தம்பி" என்று சொல்லிவிட்டு ஆச்சி இரண்டடி நடந்தார். பிறகு நின்று திரும்பினார்.

"அடுத்த ஆட்டம் என்னைக்கு?"