பெரியப்பாவும் பரசுராமாவும்

என் பெரியப்பாவுக்கு வாழ்க்கையில் இரண்டு காதல். ஒன்று பெரியம்மா. இன்னொன்றுக்கு இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர். பெயர் டகோட்டா!

பெரியப்பா விமானப் படையில் இன்ஜின் ஃபிட்டர். அறுபதுகளில் அஸ்ஸாம் ஜோர்ஹாட்டில் வேலை. ரோடே இல்லாத மலை முகாம்களுக்கு அரிசி மூட்டைகளை வானத்திலிருந்து போடும் டகோட்டாக்களைப் பார்த்துக்கொண்டவர். ரிடையராகி தாம்பரத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், ரசம் வருவதற்குள் டகோட்டா வந்துவிடும். நாங்கள் மெதுவாகக் கை கழுவ எழுந்துவிடுவோம்.

"டேய், டகோட்டாவில ஆயில் ஒழுகினா பயப்படாதே. ஒழுகலேன்னாதான் பயப்படணும். உள்ளே ஆயிலே இல்லேன்னு அர்த்தம்!" - இந்த ஜோக்கை மட்டும் நாற்பது தடவை கேட்டிருக்கிறேன்.

2018 மே மாதம் ஒரு நாள் போன். "உடனே வா. டி.வி.யில என் வண்டியைக் காட்டறான்!"

மானேஜரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

விஷயம் இதுதான். அயர்லாந்தில் காயலான் கடைச் சரக்காகக் கிடந்த ஒரு டகோட்டாவை, அப்போது எம்.பி.யாக இருந்த ராஜீவ் சந்திரசேகர் 2011-ல் வாங்கினார். அவருடைய அப்பா டகோட்டா பைலட். இங்கிலாந்தில் அதைப் புதுப்பித்து, நம் விமானப் படைக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். 2018 ஏப்ரலில் கவென்ட்ரியிலிருந்து கிளம்பி, வழியில் பல ஊர்களில் இறங்கி ஏறி, ஜாம்நகருக்குத் தானே பறந்து வந்தது அந்தக் கிழவி! மே 4-ல் ஹிண்டன் விமானத் தளத்தில் விழா. பெயர் 'பரசுராமா'. நம்பர் வி.பி. 905.

1947 அக்டோபர் 27-ல் நம் சிப்பாய்களோடு ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் நம்பர் அது.

எனக்கு இடித்தது. "பெரியப்பா, இது அந்த விமானமே இல்லையே! வேற ஒண்ணுக்கு அந்த நம்பரை எழுதியிருக்காங்க. டூப்புதானே?"

அவர் பதில் சொல்லவில்லை. என் செல்போனில் அந்த வீடியோவைப் போடச் சொல்லி, காதோடு ஒட்டிவைத்துக்கொண்டார். காது மந்தம். இன்ஜின் ஒரு தடவை இருமியது... இன்னொரு தடவை... பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது.

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எவனோ ப்ரொப்பெல்லரைக் கையால சுத்தியிருக்கான்" என்றார்.

"எதுக்கு?"

"இதுல சிலிண்டரெல்லாம் வட்டமா நிக்கும்டா. வண்டி சும்மா நின்னா, ஆயில் வடிஞ்சு கீழ் சிலிண்டர்ல தேங்கிடும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா ராடு வளைஞ்சுடும். ஜோர்ஹாட்டில விடியறதுக்குள்ளே சுத்துவோம். குளிர்ல கை மரத்துப்போகும்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"டூப்புங்கறியே... நாங்க இன்ஜினையே எத்தனை தடவை கழட்டி மாத்தியிருக்கோம் தெரியுமா? அப்பவும் அது டகோட்டாதான். அதைப் பார்த்துக்கத் தெரிஞ்ச கை இருக்கிற வரைக்கும் அது விமானம். கை போயிட்டா வெறும் தகரம்."

அவர் கையைப் பார்த்தேன். லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பழைய ஜோக்கை நாற்பத்தோராவது தடவையாகச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

பெரியப்பா இப்போது இல்லை. நோட்டு இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பந்தியிலும் இப்படி ஒருவர் இருப்பார் சார். ரசம் வந்தாலும் எழுந்து போய்விடாதீர்கள்!