தோட்டப்புறச் சிறாரும் சமூக ஊடகமும்

கோல சிலாங்கூர் வட்டாரம் செம்பனை வரலாற்றில் சிறப்பிடம் பெற்றதாகும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இங்குள்ள தென்னமரத்தில் தோற்றுவிக்கப்பட்டது. இத்தகைய தோட்டங்களின் லயத்து வாழ்வில் பிள்ளை வளர்ப்பு ஒரு வீட்டின் பொறுப்பாக மட்டும் இருந்ததில்லை. கோயில், திடல், பள்ளி என எங்குச் சென்றாலும் சிறார் அறிந்தோர் பார்வையிலேயே இருந்தனர். வானொலியைக் கூடியிருந்தே கேட்டனர்.

திறன்பேசி இந்நிலையை மாற்றியது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், வீட்டிலிருந்தே கற்கும் தேவையால் அது பல பிள்ளைகளின் கைக்கு வந்தது. அதில் பிள்ளை காண்பதை அருகிலிருப்போரும் அறியார். காணொலித் தளங்களோ ஒருவர் எதை நெடுநேரம் பார்க்கிறார் என்பதைக் கணித்து, அதனை ஒத்தவற்றையே மேன்மேலும் வழங்குகின்றன. எனவே, ‘எவ்வளவு நேரம் பார்த்தாய்?’ என்பதோடு ‘எதைப் பார்த்தாய்?’ என்றும் பெற்றோர் வினவுதல் வேண்டும்.

2024 ஜூலையில் டிக்டாக்கில் இழிமொழிகளுக்கு ஆளான மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர் உயிர்நீத்தார். துன்புறுத்தியோருள் ஒருவருக்கு 100 ரிங்கிட் அபராதமே விதிக்கப்பட்டது. அதனால் எழுந்த கண்டனம் தண்டனைச் சட்டத் திருத்தத்திற்கு வழிவகுத்தது. 2025 ஜூலை முதல் பகடிவதை தனிக் குற்றமாயிற்று. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் முடிவை 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. தளங்களுக்குக் கடமைகளை விதிக்கும் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது.

எனினும், பிள்ளை தன் துன்பத்தை வெளியிட்டாலன்றி எச்சட்டமும் துணைபுரியாது. உண்மையைச் சொன்னால் திறன்பேசி பறிக்கப்படும் என்னும் அச்சமே பலரை மௌனமாக்குகிறது. ஆகவே, ‘நடந்ததைச் சொன்னால் தண்டனை இல்லை’ என்ற உறுதியைப் பெற்றோர் முன்கூட்டியே அளித்தல் இன்றியமையாதது. இரவில் பெற்றோர் உட்பட அனைவரின் திறன்பேசிகளும் கூடத்தில் வைக்கப்படலாம். நாள்தோறும் சிறிது நேரம் பிள்ளையோடு அமர்ந்து அவன் விரும்பும் காணொலிகளைக் காணலாம். இழிசெய்தி வந்தால் அழிக்காமல், திரைப்படியைச் சேமித்த பின்னரே அனுப்பியவரைத் தடுக்க வேண்டும். உதவிக்கு 15999 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணை நாடலாம்.

பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிருவாகங்களும் இவற்றை எளிய தமிழில் பெற்றோர்க்கு விளக்க முன்வர வேண்டும். லயத்தில் அண்டை அயலார் அளித்த காவலை இன்று உரையாடலின் வழியாகவே மீட்டெடுக்க இயலும்.