அரசு மென்பொருளின் மூலநிரல் யாருக்குச் சொந்தம்?

மக்களின் வரிப்பணத்தில் உருவாக்கப்படும் அரசு மென்பொருள்களின் மூலநிரலை எல்லாரும் பார்க்கவும், பயன்படுத்தவும், திருத்தவும் ஏற்ற வகையில் வெளியிட வேண்டும் என்பது பல நாடுகளில் எழுந்துள்ள கோரிக்கை ஆகும். ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2017ஆம் ஆண்டில் தொடங்கிய "பொதுப்பணம், பொதுநிரல்" என்னும் பரப்புரை இக்கோரிக்கையைப் பரவலாக்கியது. சில நாடுகள் இதைச் சட்டமாகவே இயற்றியுள்ளன. சில நாடுகள் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டு, நடைமுறையில் தயங்குகின்றன. இக்கோரிக்கையின் பின்னணி, அதற்கான எதிர்வாதங்கள், நடந்த நிகழ்வுகள் காட்டும் பாடங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைச் சொற்கள்

நிரலர் ஒருவர் எழுதும், மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவமே மூலநிரல். கணினியில் இயங்குவது அதிலிருந்து உருவாக்கப்படும் இயங்குநிரல். பயனரின் கைக்கு வருவது பெரும்பாலும் இயங்குநிரல் மட்டுமே. ஒரு சமையல் பண்டத்தைச் சுவைத்துப் பார்த்து அதன் செய்முறையை முழுமையாக அறிய முடியாதது போல, இயங்குநிரலை மட்டும் வைத்துக்கொண்டு அது எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதை அறிவது கடினம்.

மூன்று நிலைகளை வேறுபடுத்திப் பார்ப்பது இங்கே தேவை. லினக்சு போன்ற திறந்த மூல மென்பொருளை அரசு பயன்படுத்துவது முதல் நிலை. தான் உருவாக்கிய மென்பொருளின் மூலநிரலைப் பிறர் பார்க்க அரசு அனுமதிப்பது இரண்டாம் நிலை. அதைப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமம் வழங்குவது மூன்றாம் நிலை. திறந்த மூலம் என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது மூன்றாம் நிலைக்கே. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் விவாதம் பல நேரங்களில் திசைமாறிப் போகிறது.

நிரலுக்குள் இருக்கும் விதி: பிரான்சு நிகழ்வு

அரசு மென்பொருள் வெறும் அலுவலகக் கருவி அன்று. யாருக்கு எவ்வளவு வரி, யாருக்கு உதவித்தொகை, யாருக்குக் கல்லூரி இடம் என்பவற்றைச் சட்டம் பொதுவாகச் சொல்கிறது. நுணுக்கமான கணக்கை மென்பொருள் செய்கிறது. அச்சிட்ட சட்டத்தில் இல்லாத முன்னுரிமை ஒன்று நிரலில் இருந்தால், குடிமகன் மீது உண்மையில் செயல்படுவது அந்த நிரல்தான்.

பிரான்சில் பள்ளிப்படிப்பை முடிக்கும் மாணவர்களைக் கல்லூரிகளுக்கு ஒதுக்க "ஏபிபி" என்னும் இணையவழி அமைப்பு பயன்பட்டது. அது எந்த அடிப்படையில் இடம் ஒதுக்குகிறது என்பது மாணவர்களுக்கு முழுமையாகத் தெரியவில்லை. பள்ளி மாணவர் உரிமைகளுக்கான சங்கம் ஒன்று அதன் மூலநிரலைக் கோரியது. அரசு ஆவணங்களைப் பெறும் உரிமை பற்றிக் கருத்துரைக்கும் ஆணையம், மூலநிரலும் ஓர் அரசு ஆவணமே என்ற நிலைப்பாட்டை எடுத்து, 2016இல் சங்கத்திற்குச் சார்பாகக் கருத்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் கல்வி அமைச்சகம் நிரலின் ஒரு பகுதியை அனுப்பியது. ஆனால் அது வந்தது ஏறக்குறைய இருபது பக்கக் காகித அச்சாக. கணினியில் இயக்கிப் பார்க்க விரும்பியவர்கள் அதை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுதியாக இருந்த பாடப்பிரிவுகளில் குலுக்கல் முறையில் மாணவர் தேர்வு நடைபெற்றது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. மனிதத் தலையீடு இன்றி அல்காரிதம் மட்டுமே முடிவெடுப்பதைக் கைவிடுமாறு 2017இல் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அமைச்சகத்திற்கு அறிவுறுத்தியது. 2018இல் ஏபிபிக்கு மாற்றாகப் "பார்கூர்சுப்" வந்தது. அதன் தேசிய அளவிலான நிரல் அந்த ஆண்டே வெளியிடப்பட்டது. எனினும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விண்ணப்பங்களை வரிசைப்படுத்தத் தனியே பயன்படுத்தும் கணக்கு முறைகள் வெளியே வரவில்லை. அந்த அளவுகோல்களைச் சேர்க்கை முடிந்தபின் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் வெளியிட வேண்டும் என்று அரசியலமைப்பு மன்றம் 2020 ஏப்ரலில் விளக்கம் அளித்தது.

செலவும் மறுபயன்பாடும்

இரண்டாவது வாதம் பணம் பற்றியது. சாலையோ பாலமோ ஓர் ஊரில் கட்டினால் அந்த ஊருக்கே பயன்படும். மென்பொருளை எத்தனை முறை படியெடுத்தாலும் மூலப்படி குறைவதில்லை. ஒரே வகையான வேலைக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாநகராட்சியும் தனித்தனியே ஒப்பந்தப்புள்ளி கோரி, தனித்தனியே பணம் கொடுப்பது இரட்டைச் செலவாகிறது.

பிரிட்டிஷ் அரசு, தன் துறைகள் பொதுமக்களுக்குக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் அனுப்புவதற்காக நோட்டிஃபை என்ற சேவையை உருவாக்கி மூலநிரலைத் திறந்தது. கனடா அரசு அந்த நிரலை எடுத்துத் தன் சேவையை அமைத்துக்கொண்டது. எசுத்தோனியா தன் அரசுத் துறைகளுக்கிடையே தரவைப் பாதுகாப்பாகப் பரிமாற உருவாக்கிய எக்ஸ்-ரோடு மென்பொருளை 2016இல் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. அதைப் பின்லாந்தும் பயன்படுத்துகிறது. இரு நாடுகளும் சேர்ந்து அதை வளர்ப்பதற்கென 2017இல் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தின.

இதனோடு தொடர்புடையது, ஒரே நிறுவனத்தைச் சார்ந்து நிற்கும் சிக்கல். மூலநிரல் ஒப்பந்ததாரர் கையில் மட்டும் இருந்தால், பராமரிப்புக்கும் சிறு மாற்றத்துக்கும்கூட அரசு அவரிடமே போக வேண்டும். அவர் கேட்பதே விலை. நிரலும் உரிமையும் அரசிடம் இருந்தால், அடுத்த ஒப்பந்தத்தை வேறொருவருக்குத் தர வழி இருக்கும்.

பாதுகாப்பு வாதமும் சுவிட்சர்லாந்தின் அனுபவமும்

நிரலைத் திறந்தால் ஊடுருவுவோருக்கு வழி காட்டியதாகும் என்பது அடிக்கடி எழும் எதிர்வாதம். இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களின் மூலநிரலைத் தனியாகத் தணிக்கை செய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் ஏற்க மறுத்தபோதும் இந்த அச்சமே வெளிப்பட்டது.

இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க உதவும் நிகழ்வு சுவிட்சர்லாந்தில் நடந்தது. இணையவழி வாக்களிப்புக்கான தன் அமைப்பின் மூலநிரலைச் சுவிஸ் அஞ்சல் நிறுவனம் 2019 பிப்ரவரியில் ஆய்வுக்காக வெளியிட்டது. பதிவு செய்து நிபந்தனைகளை ஏற்போருக்கே அது கிடைத்தது. எனவே அது திறந்த மூலம் அன்று. ஆயினும் சில வாரங்களிலேயே சாரா ஜேமி லூயிஸ், ஒலிவியே பெரேரா, வனெசா டீக் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் கடுமையான குறை ஒன்றைக் கண்டனர். வாக்காளர் யாரென்று தெரியாதவாறு வாக்குகளைக் கலைக்கும் கட்டத்தில், கலைத்தல் நேர்மையாக நடந்தது என்பதற்குக் கணிதச் சான்று உருவாக்கப்படும். அமைப்பின் உள்ளே அதிகாரம் உள்ள ஒருவர் வாக்குகளை மாற்றிவிட்டு, மாற்றவில்லை என்று காட்டும் செல்லுபடியான சான்றையும் உருவாக்க அக்குறை இடமளித்தது.

அக்குறை 2017லேயே கண்டறியப்பட்டிருந்தது என்றும், மென்பொருளை உருவாக்கிய ஸ்பெயின் நாட்டு நிறுவனம் அதை முழுமையாகத் திருத்தவில்லை என்றும் அஞ்சல் நிறுவனம் தெரிவித்தது. அதாவது, மூடிய அறைக்குள் தெரிந்திருந்த குறை ஒன்று அங்கேயே தங்கிவிட்டது. வெளியார் பார்த்த பிறகே அது பொதுச் செய்தியானது. அடுத்து வந்த மே மாத வாக்கெடுப்பில் அந்த நிறுவனத்தின் அமைப்பு பயன்படுத்தப்படவில்லை. பின்னர் புதிய அமைப்பு உருவாக்கப்பட்டு, 2021 முதல் அதன் நிரலும் ஆவணங்களும் படிப்படியாக வெளியிடப்பட்டன. 2023 ஜூனில் மூன்று மாநிலங்களில் இணையவழி வாக்களிப்பு மீண்டும் தொடங்கியது.

இதிலிருந்து எல்லா நிரலையும் கண்ணை மூடிக்கொண்டு வெளியிடலாம் என்ற முடிவுக்கு வர முடியாது. கடவுச்சொற்கள், மறையாக்கத் திறவுகோல்கள், குடிமக்களின் தரவு ஆகியவை நிரலின் பகுதி அல்ல. அவை என்றும் வெளியே வரக் கூடாதவை. வரி ஏய்ப்பைக் கண்டறியும் விதிகள், படைத்துறை மென்பொருள் போன்றவற்றுக்கு விலக்கு நியாயமானது. ஆனால் விலக்குக்கு ஏற்ற காரணத்தைப் பொதுவிதிக்கு எதிரான காரணமாக நீட்டுவதுதான் சிக்கல்.

சந்தை வாதமும் சட்டமும்

அரசு மென்பொருளை இலவசமாக வெளியிடுவது தனியார் நிறுவனங்களின் தொழிலைப் பாதிக்கும் என்பது மற்றோர் எதிர்வாதம். சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளைத் தேடவும் கையாளவும் உருவாக்கிய ஓப்பன் ஜஸ்டீசியா மென்பொருளை 2011இல் திறந்த உரிமத்தில் வெளியிட்டபோது, அதே துறையில் மென்பொருள் விற்ற நிறுவனம் ஒன்று எதிர்ப்புத் தெரிவித்தது. வரிப்பணத்தில் உருவாக்கியதை இலவசமாகத் தரும் அதிகாரம் அரசுக்கு எங்கே உள்ளது என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை சென்றது.

இத்தகைய நீண்ட விவாதத்தின் முடிவில், கூட்டாட்சி அரசுத் துறைகள் தாமே உருவாக்கும் அல்லது தமக்காக உருவாக்கச் செய்யும் மென்பொருளின் மூலநிரலை வெளியிட வேண்டும் என்ற சட்டம் 2023 மார்ச்சில் நிறைவேறி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறரின் உரிமையோ பாதுகாப்புக் காரணமோ குறுக்கிட்டால் மட்டுமே விலக்கு. முன்பு திறக்க விரும்பிய துறை காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது மூட விரும்பும் துறை காரணம் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் நிலை

இந்திய அரசு 2015இல் இரு கொள்கைகளை அறிவித்தது. ஒன்று, அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும், அதைத் தவிர்க்கும் ஒப்பந்ததாரர் காரணம் தெரிவிக்க வேண்டும் என்றது. மற்றொன்று, அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறந்து கூட்டாக வளர்ப்பது பற்றியது. இவை கொள்கைகளே, குடிமகன் ஒருவர் நீதிமன்றத்தில் காட்டி நிரலைக் கோரக்கூடிய சட்டம் அல்ல.

பெருந்தொற்றுக் காலத்தில் வந்த ஆரோக்கிய சேது செயலி இதன் விளைவைக் காட்டியது. 2020 ஏப்ரல் 2 அன்று அது வெளியானது. மே மாதத் தொடக்கத்தில் பணியாளர்கள் அனைவருக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. இருப்பிடத் தகவலையும் உடல்நிலைத் தகவலையும் கையாளும் செயலியின் நிரலை யாரும் பார்க்க முடியவில்லை என்ற விமர்சனம் வலுத்தபின், மே 26 அன்று ஆண்ட்ராய்டு பதிப்பின் மூலநிரல் வெளியானது. வழங்கியில் இயங்கும் பகுதியின் நிரல் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. கைப்பேசியிலிருந்து சென்ற தரவு என்ன ஆனது என்பதைச் சொல்லக்கூடியது அந்தப் பகுதியே.

மறுபக்கத்தில், பெங்களூருவின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான மோசிப் என்னும் அடையாள அமைப்பு முழுமையான திறந்த மூலம். பிலிப்பைன்சு, மொராக்கோ ஆகிய நாடுகள் அதைக் கொண்டு தம் தேசிய அடையாளத் திட்டங்களை அமைத்துள்ளன. இலங்கையின் எண்ணிம அடையாளத் திட்டமும் அதையே அடித்தளமாகக் கொண்டது. ஆனால் இந்தியாவின் ஆதார் அமைப்பின் மென்பொருள் திறந்த மூலமாக இல்லை.

வெளியிட்டால் மட்டும் போதுமா?

மூலநிரலை இணையத்தில் ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. வெளியிட்ட நிரலும் உண்மையில் இயங்கும் நிரலும் ஒன்றே எனச் சரிபார்க்க வழி வேண்டும். பிரான்சு தன் வருமான வரிக் கணக்கீட்டு நிரலை 2016இல் வெளியிட்டபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில பகுதிகளை நிறுத்திவைத்தது. அதனால் வெளியானதை மட்டும் கொண்டு வரித் தொகையைச் சரியாகக் கணக்கிட முடியவில்லை. பிற்பாடு ஆய்வாளர்கள் வரித்துறையுடன் சேர்ந்து உழைத்தே அந்த இடைவெளியை நிரப்பினர்.

நிரலைப் படிக்கும் திறன் எல்லாருக்கும் இருப்பதில்லை என்பதும் உண்மை. சட்டப் புத்தகத்தையும் எல்லாரும் படிப்பதில்லை. ஆனால் தேவைப்படும்போது ஒரு வழக்கறிஞரோ செய்தியாளரோ ஆசிரியரோ படிக்கலாம் என்பதே அதன் பயன். மூலநிரலுக்கும் இது பொருந்தும். இடம் கிடைக்காத மாணவர் தானே நிரலைப் படிக்க வேண்டியதில்லை. அவருக்காகப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அது கிடைக்க வேண்டும்.

எனவே ஒரு நல்ல கொள்கையில் நான்கு கூறுகள் இருக்க வேண்டும். முதலாவது, மூலநிரலின் உரிமை அரசுக்கு உரியது என ஒப்பந்தத்திலேயே எழுதுதல். இரண்டாவது, தெளிவான திறந்த உரிமம். மூன்றாவது, விலக்கு கோரும் துறை அதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிடுதல். நான்காவது, குறைகளைச் சுட்டிக்காட்டுவோருக்கு மறுமொழி தரவும் நிரலைப் பராமரிக்கவும் நிலையான குழுவும் நிதியும். கடைசிக் கூறு இல்லாத இடத்தில், வெளியிடப்பட்ட நிரல் சில ஆண்டுகளிலேயே யாரும் திரும்பிப் பார்க்காத பழைய கோப்பாகிவிடும்.